மூக்குக்கும் ஒரு பட்டம் உண்டு: டெல்டாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒவ்வாமை வழிகாட்டி

தை மாதத்தில் டெல்டாவுக்குக் குடிவருகிறவர்களின் முதல் வாரம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் கழிகிறது. சாமான் இறக்கியாகிவிட்டது, பால் காய்ச்சியாகிவிட்டது, பக்கத்து வீட்டிலிருந்து கரும்பும் பரங்கிக்காயும் வந்துவிட்டன. மூன்றாம் நாள் விடியற்காலையில் தும்மல் தொடங்குகிறது. ஒன்று, இரண்டு என்று நிற்பதில்லை, பத்து, பதினைந்து. மூக்கிலிருந்து தண்ணீராகக் கொட்டுகிறது. கண் அரிக்கிறது. அண்ணத்துக்குள் நாக்கால் எவ்வளவு தேய்த்தாலும் தீராத ஓர் அரிப்பு. வீட்டுக்காரர், "புதுத் தண்ணீர் இல்லையா, உடம்பு பழகப் பத்து நாள் ஆகும்" என்கிறார். பத்து நாள் ஆகிறது, இருபது நாள் ஆகிறது, தும்மல் நிற்பதில்லை.

ஆசிரியப் பணி மாறுதலில் தருமபுரிப் பக்கத்திலிருந்து நீடாமங்கலம் அருகே ஒரு கிராமத்துக்கு வந்தபோது எனக்கும் இதுதான் நடந்தது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு எதிரே வாடகை வீடு கிடைத்தது. பள்ளிக்கு நடந்தே போகலாம் என்று மகிழ்ந்து எடுத்துக்கொண்டேன். என் தும்மலுக்குத் தண்ணீர் காரணமில்லை என்று புரிய ஒன்றரை வருடம் ஆனது. அந்த ஒன்றரை வருடம் உங்களுக்கும் வீணாக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. மருத்துவர்களிடம் கேட்டும், படித்தும், பட்டும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். மருந்து பற்றிய எதையும் உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே தொடங்குங்கள். கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியவர்கள் விஷயத்தில் இது கட்டாயம்.

டெல்டாவில் எல்லாமே பட்டம், அதாவது பயிர்ப் பருவம், பார்த்து நடக்கிறது. ஒவ்வாமையும் அப்படித்தான். உங்கள் மூக்கு எந்தப் பட்டத்தில் கிளம்புகிறது என்று கண்டுபிடித்து, அதற்கு முன்பே தயாராகிவிட வேண்டும். அறுப்பு நேரத்தில் நாற்று தேடி அலைந்து பயனில்லை.

முதல் படி: சளியா, ஒவ்வாமையா என்று பிரித்தறியுங்கள்

சளி வைரஸால் வருவது. தொண்டை வலிக்கும், உடம்பு வலிக்கும், சில சமயம் காய்ச்சல் அடிக்கும். ஏழு முதல் பத்து நாளில் வடிந்துவிடும். ஒவ்வாமையில் காய்ச்சல் இருக்காது. ஒழுகுவது தெளிந்த நீராக இருக்கும். வாரக்கணக்கில் நீளும், அல்லது வருடத்தில் குறிப்பிட்ட மாதத்தில் திரும்பத் திரும்ப வரும். எல்லாவற்றையும்விட நம்பகமான அடையாளம் அரிப்பு: மூக்கு, கண், அண்ணம், சிலருக்குக் காதின் உட்புறம். குழந்தைகளைக் கவனித்தால் உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். நாளடைவில் மூக்கின் குறுக்கே ஒரு மெல்லிய கோடு விழுந்துவிடும். என் வகுப்பில் அந்தக் கோடுள்ள பிள்ளைகள் வருடத்துக்கு மூன்று நான்கு பேராவது இருக்கிறார்கள். "எப்போதும் சளி பிடித்த பிள்ளை" என்றே வீட்டில் சொல்வார்கள்.

உள்ளே நடப்பது இதுதான். தீங்கு செய்யாத ஒரு தூளை உடம்பின் எதிர்ப்பு அமைப்பு எதிரி என்று தவறாக அடையாளம் காண்கிறது. அந்தத் தூள் மறுபடி மூக்கில் பட்டதும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் கொட்டுகிறது. அரிப்பு, நீர், வீக்கம் மூன்றையும் கிளப்புவது அதுதான். 'அலர்ஜி' என்ற சொல்லை 1906ஆம் ஆண்டு வியன்னாவைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் வான் பிர்கே உருவாக்கினார்.

ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சீழ் வடிந்தால் அது ஒவ்வாமை இல்லை. சிறு குழந்தையாக இருந்தால் மணியோ பயறோ உள்ளே சிக்கியிருக்கலாம். முகம் வலித்து, பத்து நாளைத் தாண்டியும் கெட்டிச் சளி வந்தால் சைனஸ் தொற்றாக இருக்கலாம். இரண்டுக்கும் நேராக மருத்துவரிடம் போய்விடுங்கள்.

இரண்டாம் படி: ஒரு நோட்டுப் போடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, எத்தனை மணிக்குத் தும்மல் வந்தது, அப்போது எங்கே இருந்தீர்கள், ஊரில் அன்று என்ன வேலை நடந்தது. நான்கே விவரம். ஊரில் நடந்த வேலையை எழுதுவதுதான் இங்கே முக்கியம், ஏனென்றால் டெல்டாவின் காற்றை வயல்தான் மாற்றுகிறது.

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12இலிருந்து கணக்கு வையுங்கள். தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்ந்து குறுவை நடவு முடியும்வரை பொதுவாக மூக்குக்குப் பெரிய தொல்லை இல்லை. ஆடிக்காற்று மட்டும் தெருப்புழுதியை வீட்டுக்குள் கொண்டுவரும். புரட்டாசியில் குறுவை அறுப்பு தொடங்குகிறது. அப்போது மழையும் சேர்ந்துகொள்வதால் நெல் ஈரமாகத்தான் வரும். கொள்முதலுக்கு ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதால் சாலையில் கொட்டிக் காயவைக்கிறார்கள். பஸ் போகும்போதெல்லாம் அந்தத் தூசி எழுந்து ஜன்னல் வழியே வந்து படியும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலம். வெளியே காற்று கழுவிவிட்டதுபோல் இருக்கும்; தொல்லை வீட்டுக்குள் தொடங்கும். சுவரோரம் கறுப்புப் புள்ளி, பீரோவின் பின்பக்கம் சாம்பல் நிறத் தூள், தோல் செருப்பில் வெள்ளைப் பூச்சு. எல்லாம் பூஞ்சணம். இதன் வித்துகள் கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் மிதக்கும். கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளில் குடியிருப்பவர்கள் இந்த இரண்டு மாதத்தை நோட்டில் உன்னிப்பாகக் கவனிக்க வேண்டும்.

மார்கழியில் பனி. குளிர்ந்த காற்று பட்டாலே சிலருக்கு மூக்கு ஒழுகும். அரிப்பே இல்லாமல் ஒழுகல் மட்டும் இருந்தால் அது ஒவ்வாமையாக இல்லாமல் மூக்கின் கூச்சமாகவே இருக்கலாம். போகியன்று புகை. டயரும் பிளாஸ்டிக்கும் எரிக்கிற தெருவில் அன்று விடியற்காலை ஜன்னலைச் சாத்திவையுங்கள்.

பிறகு தையும் மாசியும். சம்பா அறுப்பு, அதன் பின்னால் தாளடி அறுப்பு. எனக்கு இதுதான் பட்டம். கொள்முதல் நிலையத்தில் தூற்றும் இயந்திரம் ஓடத் தொடங்கினால் எதிரே இருக்கும் எங்கள் வீட்டுத் திண்ணையில் அரை மணி நேரத்தில் மஞ்சள் பொடி கோலமாவுபோல் படியும். விரலால் தொட்டுப் பார்த்திருக்கிறேன். கருக்காய்த் துணுக்கு, நெல்லின் நுனியில் இருந்த சுணை, மண், வைக்கோல் சண்டு எல்லாம் அதில் கலந்திருக்கும். நாற்பது கிலோ மூட்டைகளை நாள் முழுவதும் சுமக்கிற தொழிலாளர்கள் துண்டை மட்டும் முகத்தில் கட்டிக்கொண்டு அந்தத் தூசிக்குள் நிற்கிறார்கள். அவர்களுக்கு முகக்கவசம் தினமும் கொடுக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பங்குனியில் உளுந்தும் பயறும் வரும். சம்பா அறுப்புக்கு முன்பே ஈர வயலில் தெளித்தது அப்போது காய்ந்து நிற்கும். அந்தச் செடியைப் பரப்பி டிராக்டர் ஏற்றி மிதிக்கும்போது எழுகிற தூசி நெல் தூசியைவிட நுண்ணியது, காரமானது. சித்திரையிலும் வைகாசியிலும் வறண்ட புழுதி. வருடம் முழுவதும் வாய்க்கால் கரையிலும் தரிசிலும் நிற்கிற சீமைக் கருவேலம், பூக்கும் காலத்தில் மகரந்தம் உதிர்க்கும். இந்தியாவில் மகரந்த ஒவ்வாமை தரும் மரங்களில் அது முக்கியமானது.

ஒரு வருடம் எழுதினால் உங்கள் பட்டம் தெளிவாகத் தெரிந்துவிடும். ஒரு மாதம் எழுதினாலே பாதி தெரியும். எங்கள் தெருவிலேயே எனக்குத் தை, எதிர்வீட்டு அம்மாவுக்குக் கார்த்திகை. ஒருவர் மருந்தை ஒருவர் வாங்கிச் சாப்பிடுவதில் பொருளில்லை என்பதை அந்த நோட்டே எனக்குக் காட்டியது. வருடம் பன்னிரண்டு மாதமும், குறிப்பாகப் படுக்கையை விட்டு எழும் நேரத்தில் தும்மினால், உங்கள் எதிரி வயலில் இல்லை, தலையணையில் இருக்கிறது.

மூன்றாம் படி: படுக்கை அறையிலிருந்து தொடங்குங்கள்

நாளில் ஏழெட்டு மணி நேரம் நம் மூக்கு தலையணையில் புதைந்திருக்கிறது. அங்கே வாழ்வது தூசி உண்ணி. ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத உயிர். கண்ணுக்குத் தெரியாது, கடிக்காது. நம் தோலிலிருந்து உதிரும் செதிலைத் தின்று வாழ்கிறது. அதன் எச்சம்தான் ஒவ்வாமையைக் கிளப்புகிறது. ஈரக்காற்று அதற்குப் பிடிக்கும். ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற இந்த மண்ணில் ஈரத்துக்குக் குறைவில்லை.

என் அம்மா கொடுத்தனுப்பிய இலவம்பஞ்சுத் தலையணையைப் பன்னிரண்டு வருடமாக வைத்திருந்தேன். ஒரு நாள் மாலை வெயில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து விழும் நேரத்தில் அதை ஒரு தட்டுத் தட்டினேன். வெயில் கீற்றுக்குள் எழுந்த தூசி அடங்க நான்கு நிமிடம் பிடித்தது. அன்று இரவே வேறு தலையணைக்கு மாறினேன். நீங்களும் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள், மூக்கில் துணி கட்டிக்கொண்டு.

செய்ய வேண்டியவை சிக்கலானவை இல்லை. பழைய பஞ்சுத் தலையணையை மாற்றுங்கள். நெருக்கமாக நெய்த, ஜிப் வைத்த உறை போடுங்கள். விரிப்பு, உறை, போர்வை மூன்றையும் வாரம் ஒரு முறை வெந்நீரில் துவையுங்கள். 60 டிகிரி சூடு இருந்தால் உண்ணி சாகும். கை பொறுக்காத சூடு அது. வாளியில் ஊறவைத்துக் குச்சியால் அமுக்கிவிட்டு ஆறியபின் அலசலாம். மெத்தையைச் சித்திரை வெயிலில் இரண்டு பக்கமும் காயவைப்பது நல்லது. கோரைப்பாயில் படுத்துப் பழக்கமிருந்தால் அதுவே சிறந்தது. துடைக்கலாம், காயவைக்கலாம், உண்ணி குடியேற இடம் குறைவு.

பெருக்குவதைவிடத் துடைப்பது மேல். ஒட்டடை அடிக்கும் நாளில் ஒவ்வாமை உள்ளவர் வீட்டில் இருக்க வேண்டாம். வேறு வழியில்லை என்றால் முகக்கவசம். பரணில் கிடக்கும் பழைய சாக்கு, நெல் மூட்டை, கட்டிவைத்த செய்தித்தாள் ஆகியவற்றைப் படுக்கும் அறையிலிருந்து அப்புறப்படுத்துங்கள். கரப்பான்பூச்சியும் ஒவ்வாமை தருவது, எனவே சமையலறை மிச்சத்தை இரவில் மூடிவையுங்கள்.

பூஞ்சணம் பிடித்த சுவரைக் காய்ந்த துணியால் தட்டாதீர்கள், வித்து பறக்கும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துக் காயவிடுங்கள். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தால் காற்று போகும். ஓடு ஒழுகுவதை வீட்டுக்காரரிடம் ஆவணியிலேயே சொல்லிவிடுங்கள், ஐப்பசியில் கொத்தனார் கிடைப்பது கடினம்.

கொசுவர்த்தி, சாம்பிராணி, ஊதுவத்தி, விறகடுப்புப் புகை ஆகியவை பெரும்பாலும் ஒவ்வாமையை உண்டாக்குவதில்லை. ஆனால் ஏற்கெனவே புண்ணாகியிருக்கும் மூக்கை மேலும் எரிக்கின்றன. கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள். டெல்டாவில் கொசுவுக்கும் மூக்குக்கும் சேர்த்து அதுவே நல்ல தீர்வு.

நான்காம் படி: உப்பு நீரால் மூக்கைக் கழுவுங்கள்

செலவில்லாதது, பக்க விளைவு ஏறக்குறைய இல்லாதது, கர்ப்பிணிகளும் செய்யக்கூடியது. ஒரு லிட்டர் நீருக்கு 9 கிராம் உப்பு என்பது அளவு. மட்டமாக ஒன்றரைத் தேக்கரண்டி. அரை லிட்டருக்கு முக்கால் தேக்கரண்டி. சிட்டிகை ஆப்பசோடா சேர்த்தால் எரிச்சல் குறையும். உப்புக் குறைந்தாலும் எரியும், கூடினாலும் எரியும். சரியாக இருந்தால் கண்ணீர் பட்டதுபோல் எதுவும் தெரியாது.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆற்று நீர், குளத்து நீர், போர் தண்ணீர், குழாய்த் தண்ணீர் எதையும் அப்படியே மூக்கில் விடக்கூடாது. மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் அமீபா மூக்கின் வழியாகத்தான் நுழைகிறது. நன்றாகக் கொதித்து ஒரு நிமிடமாவது ஆன நீரை மூடி ஆறவைத்து, வெதுவெதுப்பாகப் பயன்படுத்துங்கள். அன்றைக்கு வைத்தது அன்றைக்கே தீர வேண்டும்.

குளியலறைத் தொட்டிமேல் குனிந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு மேல்பக்க மூக்குத் துளையில் மெதுவாக ஊற்றுங்கள். கீழ்ப்பக்கத் துளை வழியாக வெளியேறும். பிறகு பக்கம் மாற்றுங்கள். மூக்கை உறிஞ்சாதீர்கள், பலமாகச் சிந்தாதீர்கள். இரண்டும் நீரைக் காதுக்குள் தள்ளும். மருந்துக்கடையில் பீய்ச்சும் பாட்டில் கிடைக்கிறது, கெண்டி போன்ற சிறு பாத்திரமும் கிடைக்கிறது. எதுவானாலும் ஒவ்வொரு முறையும் கழுவிக் கவிழ்த்துக் காயவையுங்கள். நான் பள்ளியிலிருந்து வந்ததும் கை கால் கழுவுவதோடு இதையும் செய்கிறேன். அறுப்புக் காலத்தில் வெளியே வருகிற நீரின் நிறத்தைப் பார்த்தால் ஏன் செய்ய வேண்டும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

நொச்சி இலை போட்டு ஆவி பிடித்தால் அடைப்பு சற்று இளகும், அதில் தவறில்லை. சிறு குழந்தைகளுக்குக் கொதிநீர்ப் பாத்திரத்தை முகத்துக்கு நேரே வைக்காதீர்கள்; வெந்து போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். கைக்குழந்தையின் மூக்கில் கற்பூர எண்ணெய் தடவுவதை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். கற்பூரம் குழந்தைக்கு வலிப்பு வரவழைக்கும்.

ஐந்தாம் படி: எந்த மருந்து, எப்போது, எவ்வளவு நாள்

தும்மலுக்கும் அரிப்புக்கும் கேட்பது ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரை. செட்டிரிசின் 10 மில்லிகிராம், லிவோசெட்டிரிசின் 5, லோராடடின் 10, பெக்ஸோபெனடின் 120 அல்லது 180 என்பவை பெரியவர்களுக்கான வழக்கமான அளவுகள். செட்டிரிசின் பலருக்குத் தூக்கம் தரும், எனவே இரவில் போடுவது நல்லது. பெக்ஸோபெனடினில் தூக்கம் மிகக் குறைவு. அதைப் பழச்சாறோடு விழுங்கக்கூடாது, மருந்து சரியாக உடம்பில் சேராது. தண்ணீர்தான். குளோர்பெனிரமின், பெனிரமின் போன்ற பழைய தலைமுறை மாத்திரைகள் மலிவு. ஆனால் கண்ணை இழுக்கும். அதைப் போட்டுக்கொண்டு வாய்க்கால் கரைச் சாலையில் பைக் ஓட்டாதீர்கள். முதியவர்களுக்குச் சிறுநீர் அடைப்பும் குழப்பமும் வரலாம்.

மூக்கடைப்பு மிகுந்தவர்களுக்கும், மாதக்கணக்கில் தொல்லை உள்ளவர்களுக்கும் மாத்திரையைவிட மேலானது மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே. புளுட்டிகசோன், மொமெட்டசோன், புடசோனைடு என்று பெயர்கள். ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டு அஞ்ச வேண்டாம். மைக்ரோகிராம் அளவில் மூக்கின் உள்பரப்பில் மட்டும் வேலை செய்வது, மருத்துவர் மேற்பார்வையில் நீண்ட காலம் பயன்படுத்தலாம். ஆனால் இது உடனே வேலை செய்யாது. முழுப் பலன் தெரிய ஒரு வாரம், இரண்டு வாரம்கூட ஆகும். இரண்டு நாள் அடித்துவிட்டு 'கேட்கவில்லை' என்று தூக்கிப் போடுகிறவர்களே அதிகம். பட்டத்தை அறிந்தால் கிடைக்கும் பெரிய லாபம் இங்கேதான். தைப் பட்டக்காரர்கள் மார்கழி நடுவிலேயே, கார்த்திகைக்காரர்கள் புரட்டாசிக் கடைசியிலேயே மருத்துவரைக் கேட்டுத் தொடங்கிவிட வேண்டும்.

அடிக்கும் முறையிலும் கவனம் வேண்டும். பாட்டிலைக் குலுக்குங்கள். தலையைச் சற்றே குனியுங்கள். வலக்கையால் இடது மூக்குத் துளையிலும் இடக்கையால் வலது துளையிலும் அடியுங்கள். இப்படிக் கை மாற்றினால் முனை தானாகவே அந்தப் பக்கத்துக் காதை நோக்கித் திரும்பும். நடுத்தண்டில் நேராக அடித்தால் ரத்தம் கசியும். அடித்தபின் சாதாரணமாக மூச்சு இழுங்கள். பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். உப்பு நீரால் கழுவுவதாக இருந்தால் முதலில் கழுவி, பத்து நிமிடம் விட்டு ஸ்பிரே.

இனி நான் மிகவும் எச்சரிக்க விரும்புவது. வந்த புதிதில் அருகிலிருந்த டவுனில் ஒரு மருந்துக்கடையில் 'மூக்கடைப்பு' என்று கேட்டேன். சின்னச் சொட்டு மருந்துக் குப்பி ஒன்றைக் கொடுத்தார்கள். சைலோமெட்டசோலின். இரண்டு சொட்டு விட்டதும் ஐந்து நிமிடத்தில் மூக்கு திறந்தது. அப்படியொரு நிம்மதி! எத்தனை நாள் விடலாம் என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான்கு மாதம் விட்டேன். கடைசியில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை விடாவிட்டால் மூச்சே போகாது என்ற நிலை. பள்ளிப் பையில் ஒரு குப்பி, தலைமாட்டில் ஒரு குப்பி. காது மூக்கு தொண்டை மருத்துவர் உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "இப்போது அடைப்பதே இந்த மருந்துதான் அம்மா" என்றார். சொட்டை நிறுத்தி, ஸ்டீராய்டு ஸ்பிரேக்கு மாறி, சரியாக இரண்டு வாரம் ஆனது. முதல் ஐந்து இரவும் உட்கார்ந்தே தூங்கினேன். சைலோமெட்டசோலின், ஆக்சிமெட்டசோலின் என்று குப்பியில் எழுதியிருந்தால் மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள். அதற்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம்.

லிவோசெட்டிரிசினோடு மான்டிலூகாஸ்ட் சேர்ந்த மாத்திரை நம் ஊரில் சாதாரணமாகக் கொடுக்கப்படுகிறது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அதற்கு இடமுண்டு. ஆனால் மான்டிலூகாஸ்ட் சிலருக்கு மனக்கலக்கம், கெட்ட கனவு, தற்கொலை எண்ணம்வரை கொண்டுபோகலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020இல் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை வெளியிட்டது. பிள்ளைக்குக் கொடுத்தபின் குணம் மாறினால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரைகளை மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கி விழுங்குவது கூடவே கூடாது. சர்க்கரை ஏறும், ரத்த அழுத்தம் ஏறும், எலும்பு தேயும்.

கண் அரிப்புக்குக் குளிர்ந்த நீரில் நனைத்த சுத்தமான துணியை மூடிய கண்மேல் ஐந்து நிமிடம் வையுங்கள். கசக்காதீர்கள். கேட்காவிட்டால் ஓலோபட்டடின் போன்ற சொட்டு மருந்தை மருத்துவர் எழுதித் தருவார்.

விலை பற்றி ஒரு வார்த்தை. மேலே சொன்ன மாத்திரைகள் பெரும்பாலும் மூலப்பெயரில் (ஜெனரிக்) மக்கள் மருந்தகங்களிலும், 2025இல் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. கம்பெனி வைத்த பெயரை விட்டு மருந்தின் மூலப்பெயரைக் குறித்துவைத்துக் கேளுங்கள்.

ஆறாம் படி: அறுப்புக் காலத்தில் வெளியே போகும்போது

துண்டு கட்டினால் பெருந்தூசி நிற்கும், நுண்தூசி நிற்காது. என்95 முகக்கவசம் முகத்தோடு பொருந்தினால் நிற்கும். கண்ணாடி அணிவது கண்ணுக்கு நல்லது. அறுவடை இயந்திரம் ஓடும் வயலில் காற்று வரும் திசையில் நில்லுங்கள். தூசி உங்களைத் தாண்டி மறுபக்கம் போகும். வீடு திரும்பியதும் உடுப்பை வாசலிலேயே கழற்றி வாளியில் போட்டு, தலைக்குக் குளித்துவிட்டுப் படுக்கை அறைக்குப் போங்கள். அறுப்பு நடக்கிற வாரங்களில் விரிப்பு, உறைகளை மொட்டைமாடியில் காயப்போடாதீர்கள், முற்றத்தில் போடுங்கள்.

ஈரமாகக் கட்டிப் பூஞ்சணம் பிடித்த வைக்கோற்போரைப் பிரிக்கிறவர்களுக்குத் தனி எச்சரிக்கை. நான்கிலிருந்து எட்டு மணி நேரம் கழித்துக் குளிர் காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சுத் திணறல் வந்தால் அது சாதாரண ஒவ்வாமையும் இல்லை, சளிக்காய்ச்சலும் இல்லை. நுரையீரலின் ஆழத்தில் வருகிற அழற்சி. திரும்பத் திரும்ப நடந்தால் நுரையீரல் தழும்பேறிவிடும். வைக்கோல் பிரித்த அன்று மாலையே காய்ச்சல் வந்தது என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். நாம் சொல்லாவிட்டால் அவருக்குத் தெரிய வழியில்லை.

உடம்பு அரிப்பில் எல்லாமே ஒவ்வாமை இல்லை. வைக்கோல் சுணை குத்துவது தனி. தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அடங்கும். சேற்றுப்புண் தனி, படர்தாமரை தனி. படர்தாமரைக்குக் கடையில் வாங்கும் கலப்புக் களிம்பில் ஸ்டீராய்டு இருந்தால் முதலில் ஆறுவதுபோல் காட்டிப் பிறகு உடம்பெல்லாம் பரப்பிவிடும். சாலையோரம் வெள்ளைப் பூவோடு நிற்கும் பார்த்தீனியம் உண்மையிலேயே தோல் ஒவ்வாமை தருவது. பூப்பதற்கு முன், மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள்.

மூச்சு இரைத்தால், குளவி கொட்டினால்

தும்மலோடு இரவு இருமல், நெஞ்சு இறுக்கம், விசில் சத்தம் சேர்ந்தால் ஆஸ்துமாவாக இருக்கலாம். இன்ஹேலர் எழுதிக்கொடுத்தால் தயங்காதீர்கள். 'பழகினால் விட முடியாது' என்பது தவறான பேச்சு. மாத்திரையில் போகும் மருந்தைவிட மிகக் குறைந்த அளவு நேராக நுரையீரலுக்குப் போகிறது, அவ்வளவுதான்.

இறாலோ நண்டோ சாப்பிட்டபின், மாத்திரையோ ஊசியோ போட்டபின், கதண்டோ குளவியோ கொட்டியபின் சில நிமிடங்களில் உடம்பெல்லாம் தடித்து, உதடும் நாக்கும் வீங்கி, குரல் மாறி, மூச்சுத் திணறி, தலை சுற்றினால் அது உயிருக்கு ஆபத்து. 108ஐ அழையுங்கள். அதற்கான மருந்து அட்ரினலின் ஊசி. செட்டிரிசின் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் நேரம் இல்லை. மயக்கமாக இருந்தால் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள், திணறல் மிகுந்தால் உட்காரவையுங்கள், நடக்கவைக்காதீர்கள். பனைமரத்திலோ தென்னையிலோ கதண்டுக் கூடு இருந்தால் தீ வைக்கப் போகாமல் தீயணைப்பு நிலையத்தை 101இல் கூப்பிடுங்கள்.

கடைசிப் படி: மருத்துவரிடம் எப்போது, எதைக் கொண்டு போவது

ஒரு மாதம் மேற்சொன்னதைச் செய்தும் தூக்கம் கெட்டால், வேலை கெட்டால், காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். தஞ்சாவூரிலும் திருவாரூரிலும் நாகப்பட்டினத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலில் காட்டிப் பரிந்துரை வாங்கிக்கொள்ளலாம். எந்தப் பொருளுக்கு ஒவ்வாமை என்று அறிய முன்கையில் துளித்துளியாக மருந்து வைத்து ஊசிமுனையால் லேசாகக் கீறிப் பார்க்கிறார்கள். கால் மணி நேரத்தில் தடிப்பு தெரியும். அதற்கு ஐந்து முதல் ஏழு நாள் முன்பே ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரையை நிறுத்த வேண்டும், மருத்துவரைக் கேட்டுத்தான். இருநூறு பொருளுக்கு ஒரே ரத்தப் பரிசோதனை என்று விளம்பரம் பார்த்து நீங்களாகப் பணம் கட்டாதீர்கள். ரத்தத்தில் காட்டுவதெல்லாம் தொல்லை தருவதில்லை. கத்தரிக்காயையும் கருவாட்டையும் காரணமில்லாமல் விட்டவர்கள் எத்தனையோ பேர். பொருள் உறுதியானால், அதையே சிறு அளவில் தொடங்கி ஏற்றிக் கொடுக்கும் சிகிச்சையும் உண்டு. மூன்று முதல் ஐந்து வருடம் பொறுமை வேண்டும்.

போகும்போது நோட்டைக் கொண்டு போங்கள். புறநோயாளர் வரிசையில் மருத்துவருக்கு உங்களோடு பேச நான்கு நிமிடம் கிடைத்தாலே அதிகம். நான் என் நோட்டை நீட்டியபோது அவர் தை மாதப் பக்கங்களைப் புரட்டினார். "கொள்முதல் நிலையம் திறந்தது" என்று நான் எழுதியிருந்த வரியில் விரலை வைத்தார். அதற்கு மறுநாளிலிருந்து வரிசையாகப் பதினெட்டு நாள் தும்மல். அடுத்த வருடம் மார்கழியிலேயே வரச் சொல்லி, தேதியை அந்தப் பக்கத்தின் மேலேயே எழுதிக்கொடுத்தார்.